அசையும் படிமம் சாட்சி சொல்லுமா?

நான் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்த 1990களின் ஆரம்பத்தில், எமது அலுவலகத்தின் பின்பக்கத்தில் ஓர் இருட்டறை இருந்தது. சிவப்பு விளக்கும் இரசாயன நெடியும் நிறைந்த அந்தச் சிற்றறையில்தான் மறுநாள் பத்திரிகையின் படங்கள் பிறந்தன. வெளியிலிருந்து எவரேனும் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து, இன்ன இடத்தில் இன்ன சம்பவம் நடந்தது என்று சொன்னால் எங்கள் செய்தி ஆசிரியர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: "நெகட்டிவ் எங்கே?" நெகட்டிவ் இல்லாவிட்டால் படம் எவ்வளவு பரபரப்பானதாக இருந்தாலும் அவர் அதை ஒருபுறம் வைத்துவிடுவார்.

இன்று எனது கைத்தொலைபேசிக்கு ஒரு நாளைக்குப் பத்துக்கு மேற்பட்ட வீடியோக் காட்சிகள் வந்து சேர்கின்றன. எவற்றுக்கும் நெகட்டிவ் கிடையாது. எங்கே எடுக்கப்பட்டவை, யார் எடுத்தார்கள், உண்மையில் எடுக்கப்பட்டவைதானா என்ற வினாக்களுக்குப் பெரும்பாலும் விடையும் கிடையாது. ஆயினும் நாம் பார்க்கிறோம். பார்த்ததும் பாதி நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அசையும் படிமத்தைப் பற்றிக் கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிந்தித்த அறிஞர்கள் யாவரும் ஏதோ ஒரு வகையில் இந்த வினாவுடன் மல்லுக்கட்டியவர்களே. அவர்களது சிந்தனையின் பாதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, இந்தக் காலத்துக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

புகையிரதம் வந்த கதை

1895 டிசம்பர் 28 ஆம் திகதி, பாரிஸ் நகரின் கிராண்ட் கஃபேயின் நிலவறைக் கூடமொன்றில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் அறவிட்டுத் தமது படங்களைத் திரையிட்டனர். கட்டணம் ஒரு பிராங்க். முதல்நாள் பணம் கொடுத்துப் பார்த்தவர்கள் 33 பேர். காட்டப்பட்டவை பத்துச் சிறு படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானது.

இந்த நிகழ்வுடன் ஒரு கதை ஒட்டிக்கொண்டுள்ளது. திரையில் புகையிரதம் தம்மை நோக்கி வருவதைக் கண்டு பார்வையாளர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள் என்பதே அது. சினிமா வரலாறு எழுதிய பலரும் இதைத் திரும்பத் திரும்ப எழுதியுள்ளனர். ஆனால் லா சியோட்டா நிலையத்துக்குப் புகையிரதம் வரும் படம் அந்த முதல்நாள் நிகழ்ச்சியில் இடம்பெறவே இல்லை. அது பின்னர் காட்டப்பட்டபோதும் மக்கள் பீதியுற்று ஓடியதற்கு நம்பத்தக்க சமகாலச் சான்று கிடையாது என்பதை ஜேர்மன் ஆய்வாளர் மார்ட்டின் லொய்பெர்டிங்கர் எடுத்துக்காட்டியுள்ளார். அமெரிக்க அறிஞர் டொம் கன்னிங் 1989 இல் எழுதிய கட்டுரையொன்றில், அந்தப் பார்வையாளர்கள் ஏமாந்த அப்பாவிகள் அல்லர் என்று வாதிட்டார். தாம் பார்ப்பது ஒரு காட்சிச் சாதனையை என்பதை அறிந்தே அவர்கள் வியந்தனர் என்பது அவரது முடிவு.

ஆக, அசையும் படிமத்தின் வரலாறே சரிபார்க்கப்படாத ஒரு செய்தியுடன் தொடங்குகிறது. பத்திரிகையாளனான எனக்கு இதில் ஒரு கசப்பான நகைச்சுவை தெரிகிறது.

படிமத்தின் உண்மைத்தன்மையும் வெகுவிரைவிலேயே கேள்விக்குள்ளாயிற்று. 1902 இல் பிரித்தானிய மன்னர் ஏழாம் எட்வேர்ட்டின் முடிசூட்டு விழாவைப் படமாக்கும் பணி ஜோர்ஜ் மெலியேயிடம் ஒப்படைக்கப்பட்டது. வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்துக்குள் கமராவைக் கொண்டுசெல்ல முடியாது என்பதால், பாரிஸுக்கு அருகே மொந்த்ரேயில் தமக்கிருந்த படப்பிடிப்புக் கூடத்தில் நடிகர்களைக் கொண்டு விழாவை அவர் முன்கூட்டியே படமாக்கினார். ஜூன் மாதம் நடைபெறவிருந்த விழா மன்னரின் சுகவீனத்தால் ஓகஸ்ட் 9 வரை பிற்போடப்பட்டது. அதாவது மன்னர் முடிசூடுவதற்கு முன்னரே அவர் முடிசூடிய படம் தயாராக இருந்தது!

கண்ணா, மனமா?

அசையாத படங்களை வரிசையாகக் காட்டும்போது அவை அசைவதாக ஏன் தோன்றுகிறது? கண்ணின் விழித்திரையில் ஒரு படத்தின் தடம் சிறிது நேரம் நிலைத்திருக்க, அடுத்த படம் அதன்மீது படிவதால் அசைவு தோன்றுகிறது என்ற விளக்கத்தை நாம் பாடசாலையில் படித்தோம். இங்கிலாந்து மருத்துவர் பீற்றர் மார்க் ரோஜெற் 1824 இல் சமர்ப்பித்த கட்டுரையுடன் இக்கருத்தைத் தொடர்புபடுத்துவது வழக்கம்.

அந்த விளக்கம் போதாது. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் குழம்பிய ஒரு படமே தெரியும்; அசைவு தெரியாது. ஜேர்மன் உளவியலாளர் மக்ஸ் வேர்ட்ஹைமர் 1912 இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. அடுத்தடுத்த இரு இடங்களில் இரு கோடுகளைக் குறித்த இடைவெளியில் மாறிமாறிக் காட்டினால், ஒரே கோடு நகர்வதாக நாம் காண்கிறோம். அசைவு படத்தில் இல்லை. பார்க்கும் மனம் அதை உண்டாக்குகிறது.

இந்த அடித்தளத்தின்மீதே சினிமாவைப் பற்றிய முதலாவது முழுமையான கோட்பாட்டு நூல்களுள் ஒன்று எழுந்தது. அதை எழுதியவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஹியூகோ முன்ஸ்ரர்பேர்க். சினிமாக் கொட்டகைக்குச் செல்வதைத் தமது பதவிக்கு இழுக்கு என்று கருதியிருந்த அவர், 1915 வாக்கில் ஒரு படத்தைப் பார்த்து மனம்மாறி, மறு ஆண்டே நூலை வெளியிட்டார். அண்மைக்காட்சி என்பது மனத்தின் கவனக்குவிப்பு. கடந்தகாலக் காட்சி என்பது நினைவு. காட்சித் தாவல் என்பது கற்பனை என அவர் விளக்கினார். வெளியுலகின் நகலை விடவும் மனித மனத்தின் தொழிற்பாட்டையே சினிமா நமக்குக் காட்டுகிறது என்பது அவரது கருத்தின் சாரம். அந்த ஆண்டு இறுதியிலேயே அவர் காலமானார். நூலும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

கத்தரிக்கோலின் வலிமை

மனம்தான் இணைக்கிறது என்றால், எதை எதனுடன் இணைப்பது என்பதைத் தீர்மானிப்பவன் கையில் பெரும் அதிகாரம் சேர்ந்துவிடுகிறது. இதை ருஷ்யப் புரட்சிக்குப் பிந்திய தலைமுறை நன்கு உணர்ந்திருந்தது. லெவ் குலெஷோவ் செய்த பரிசோதனை பிரசித்தமானது. உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை, ஒரு சூப்புக் கோப்பையுடனும் ஒரு சவப்பெட்டியுடனும் வேறொரு காட்சியுடனும் தனித்தனியே இணைத்துக் காட்டினார். முதலாவதில் பசியையும் இரண்டாவதில் துயரையும் பார்வையாளர்கள் அந்த முகத்திலேயே கண்டார்கள் என்பர். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: அந்தப் படச்சுருள் இன்று இல்லை, காட்சிகள் எவை என்பதிலும் நேரில் அறிந்தவர்களின் விபரங்கள் ஒத்துப்போகவில்லை.

சேர்கேய் ஐசன்ஸ்ரைன் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றார். 1929 இல் எழுதிய கட்டுரையொன்றில் சீன, ஜப்பானிய எழுத்துகளை உதாரணமாக எடுத்துக்கொண்டார். நீரின் குறியையும் கண்ணின் குறியையும் சேர்த்தால் அழுகை என்று பொருள். நாயையும் வாயையும் சேர்த்தால் குரைத்தல். இரு பொருள்களின் மோதலில் மூன்றாவதாக ஒரு கருத்துப் பிறக்கிறது. சினிமாவின் படத்தொகுப்பும் அவ்வாறே இயங்கவேண்டும் என்றார்.

அவரது 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) படத்தில் ஒடேசாப் படிக்கட்டுகளில் நிகழும் படுகொலையை உலகம் மறக்கவில்லை. 1905 இல் ஒடேசாவில் படையினர் மக்களைக் கொன்றது வரலாற்று உண்மை. ஆனால் படத்தில் காணும் விதத்தில் அந்தப் படிக்கட்டுகளில் ஒரு படுகொலை நிகழவில்லை. இருந்தபோதிலும் எத்தனையோ பேருடைய நினைவில் அது வரலாறாகவே பதிந்துவிட்டது. உண்மையான ஒரு கொடுமை உண்மையற்ற ஒரு காட்சியின் ஊடாக நினைவில் நிற்கிறது. இதைப் பொய் என்பதா, மெய் என்பதா?

பசானின் நம்பிக்கை

இந்த வினாவுக்கு எதிர்த்திசையிலிருந்து விடை தேடியவர் பிரெஞ்சு விமர்சகர் அந்த்ரே பசான். 1945 இல் வெளிவந்த அவருடைய புகைப்படப் படிமம் பற்றிய கட்டுரை அளவிற் சிறியது. செல்வாக்கில் மிகப் பெரியது. எகிப்தியர் உடலைப் பதப்படுத்தி மரணத்தை எதிர்த்ததுபோல, மனிதன் காலத்தை எதிர்த்துத் தன்னைப் பாதுகாக்க விழைகிறான் என்று அவர் தொடங்குகிறார். ஓவியத்திலும் அந்த ஆசை இருந்தது. ஆனால் ஓவியனின் கை இடையில் நின்றது. புகைப்படத்தில் பொருளின் ஒளியே தன் சுவட்டைப் பதிக்கிறது. ஆகவே புகைப்படத்துக்கு எந்த ஓவியத்துக்கும் இல்லாத ஒரு நம்பகத்தன்மை உண்டு. மணலிற் பதிந்த காலடித் தடம், நடந்தவனுக்குச் சாட்சியாவது போன்றது அது. சினிமாவோ அந்தச் சுவட்டுடன் காலத்தின் ஓட்டத்தையும் சேர்த்துப் பாதுகாக்கிறது.

இதனால் பசான் படத்தொகுப்பைச் சந்தேகத்துடன் நோக்கினார். சப்ளின் சிங்கத்தின் கூட்டுக்குள் அகப்படும் காட்சியில் இருவரும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கவேண்டும். வெட்டி ஒட்டினால் அபாயம் பொய்யாகிவிடும் என்பது அவர் காட்டிய உதாரணம். றொபேர்ட் பிளகேர்ட்டியின் 'நானூக்' (1922) படத்தில் வேட்டைக்காரன் கடல்நாய்க்காகக் காத்திருக்கும் காட்சியையும் அவர் இதே காரணத்துக்காகப் போற்றினார்.

ஆனால் அந்த 'நானூக்' படத்தில் நானூக் என்பது பாத்திரத்தின் பெயர்; நடித்தவரின் பெயர் அல்லகரியல்லாக். பனிவீட்டின் உட்காட்சியைப் படமாக்கப் போதிய வெளிச்சம் இல்லாததால் பாதி வீட்டைத் திறந்தபடி கட்டினார்கள். ஒரு குடும்பம் கடுங்குளிரில் உறங்குவதும் எழுவதும் அந்தத் திறந்த பாதியில்தான் நிகழ்கிறது. வெட்டு இல்லாத காட்சியும் ஏமாற்றலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இதற்காகப் பசானைத் தள்ளிவிட முடியாது. 1958 இல் நாற்பது வயதில் இறந்துபோன அந்த மனிதர் சொன்னதில் ஓர் அடிப்படை உண்மை இருந்தது. படச்சுருளில் பதிந்திருப்பவர் எவராயினும், அவர் ஒரு கணம் அந்தக் கமராவின் முன் நின்றிருக்க வேண்டும். எங்கள் செய்தி ஆசிரியர் நெகட்டிவைக் கேட்டது பசானைப் படித்துவிட்டு அன்று. ஆயினும் அவர் கேட்டது பசான் பேசிய அந்தச் சுவட்டைத்தான்.

காந்த நாடாவும் நீதிமன்றமும்

படச்சுருளை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தால் படம் தெரியும். வீடியோ நாடாவை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கபில நிறப் பூச்சு மாத்திரமே தெரியும். படிமம் அங்கே காந்தத் தடமாக மறைந்திருக்கிறது. கருவி இன்றி அது இல்லை. மேலும், அழித்து மறுபடி எழுதக்கூடியது. 1969 இல் சந்திரனில் மனிதன் கால்பதித்த நிகழ்வைப் பற்றிய பிபிசியின் கலையக ஒளிபரப்பு இன்று இல்லை. அதே பயணத்தின் மூலப் பதிவு நாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டு மீளப் பயன்படுத்தப்பட்டிருக்கவேண்டும் என்று நாசா நிறுவனமே 2009 இல் அறிவித்தது.

வீடியோவின் இயல்பு குறித்துச் சிந்தித்தவர்களில் றொசலின்ட் க்ராவுஸ் முக்கியமானவர். 1976 இல் அவர் எழுதிய கட்டுரை, வீடியோவின் ஊடகம் நாடாவோ திரையோ அன்று, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் மனநிலையே என்று வாதிட்டது. கமராவுக்கும் திரைக்கும் நடுவே நின்று தன் உருவத்தையே உடனுக்குடன் காணும் கலைஞர்களை அவர் மனத்திற் கொண்டிருந்தார். கைத்தொலைபேசியைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பேசும் இன்றைய உலகைப் பார்க்கும்போது அவரது கூற்றின் தொலைநோக்கு வியக்கவைக்கிறது.

ஆனால் அதே கருவி பிறரையும் பார்த்தது. 1991 மார்ச் 3 ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின்னர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜோர்ஜ் ஹொலிடே என்பவர் தமது வீட்டு மாடத்திலிருந்து, றொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் பொலிஸார் அடிப்பதைப் பதிவுசெய்தார். உலகமே அதைப் பார்த்தது. இனி வழக்கில் வாதிட என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள் அந்த வீடியோவை மறைக்க முயலவில்லை. மெதுவாக்கினார்கள், சட்டகம் சட்டகமாக நிறுத்திக் காட்டினார்கள். தரையில் கிடந்தவரின் கை அசைந்த கணத்தைக் காட்டி, இது தாக்க முனையும் அசைவு என்று விளக்கினார்கள். ஓட்டம் நின்றதும் அடியின் வேகமும் வலியும் படத்திலிருந்து மறைந்தன. 1992 ஏப்ரல் 29 அன்று, பொலிஸார் நால்வரும் ஒரு குற்றச்சாட்டைத் தவிர ஏனைய அனைத்திலிருந்தும் விடுவிக்கப்பட்டனர். அந்த ஒன்றில் ஜூரிகள் முடிவுக்கு வரவில்லை. தொடர்ந்த கலவரத்தில் 50 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு சமஷ்டி நீதிமன்றத்தில் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

அசைவு மனத்தில் பிறக்கிறது என்று வேர்ட்ஹைமர் சொன்னார். அந்த அசைவைப் பறித்துவிட்டால் பார்த்தவற்றின் பொருளையும் பறித்துவிடலாம் என்பதை அந்த நீதிமன்றம் காட்டியது.

இலக்கங்களின் காலம்

டிஜிற்றல் முறையில் ஒளியின் சுவடு இலக்கங்களாக மாற்றப்படுகிறது. 1990களில் உருவான எம்பெக் தரநிலைகளின்படி சேமிக்கப்படும் வீடியோவில், ஒருசில சட்டகங்களே முழுப் படங்கள். ஏனையவை முந்திய அல்லது பிந்திய சட்டகங்களிலிருந்து எவை மாறின என்ற குறிப்புகளும் எதிர்வுகூறல்களுமே. இடத்தை மிச்சப்படுத்தச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆயினும், நாம் சாட்சியாகக் கொள்ளும் காட்சியின் பெரும்பகுதி எந்த மோசடியும் இல்லாமலேயே ஒரு கணிப்பு என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

மொஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் லெவ் மனோவிச் 2001 இல் வெளியிட்ட நூல் இக்காலத்தின் கோட்பாட்டை வகுத்தது. கையால் வரைந்து அசையவைக்கும் கலையைச் சினிமா ஒரு காலத்தில் தன் ஓரத்துக்குத் தள்ளியது. கணினி வந்ததும், கமராவில் எடுத்த காட்சியும் வரைவதற்கான மூலப்பொருள்களில் ஒன்றாகிவிட்டது. ஆகவே சினிமா மீண்டும் வரைகலையின் ஒரு கிளையாகிறது என்றார். 'பொரஸ்ட் கம்ப்' (1994) படத்தில், 1963 இல் கொல்லப்பட்ட ஜனாதிபதி கென்னடியுடன் கதாநாயகன் கைகுலுக்கியபோது நாம் சிரித்தோம். அது ஒரு கதை என்பது நமக்குத் தெரிந்திருந்தது.

சிரிக்க முடியாத இடம் ஒன்று எங்கள் நாட்டிலேயே வந்தது. 2009 ஓகஸ்ட் 25 அன்று பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, கண்கட்டி நிர்வாணமாக்கப்பட்ட ஆண்கள் சீருடையினரால் சுடப்படுவதாகக் காட்டும் ஒரு கைத்தொலைபேசிப் பதிவை ஒளிபரப்பியது. அது போலியானது என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், வீடியோ, சுடுகருவி, உடற்கூற்று நிபுணர்கள் மூவரிடம் அதை ஒப்படைத்தார். பதிவு உண்மையானது என்பதையே அவர்களது ஆய்வு வலுவாகக் காட்டுகிறது என்று 2010 ஜனவரியில் அவர் தெரிவித்தார். அதேவேளை, கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி உட்பட, விளக்கம் கிடைக்காத சில அம்சங்கள் உள்ளதையும் அவர் மறைக்கவில்லை. அவருக்குப் பின்வந்த கிறிஸ்ரொவ் ஹெய்ன்ஸ் 2011 இல் அதன் நீண்ட வடிவத்தை ஆராய்வித்து, அதுவும் உண்மையானதே என்ற முடிவுக்கு வந்தார்.

பசானும் மனோவிச்சும் ஏட்டில் நடத்திய விவாதம் இங்கே மனித உயிர்களைப் பற்றியதாகிவிட்டது. படத்தில் இருந்தவர்கள் எவரோ ஒருவரின் பிள்ளைகள். அவர்களுக்காகப் பேசுவதற்குச் சில கிலோபைற் இலக்கங்களே எஞ்சியிருந்தன. அந்த இலக்கங்களும் சத்தியம் செய்யக் கூண்டில் ஏற்றப்பட்டன.

பொய்யருக்குக் கிடைக்கும் இலாபம்

2017 இன் இறுதியில் 'டீப்ஃபேக்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. 2022 மார்ச்சில், உக்ரைன் ஜனாதிபதி செலென்ஸ்கி தமது படையினரைச் சரணடையச் சொல்வதாகக் காட்டும் போலி வீடியோ ஒன்று பரவியது; அது செம்மையற்றதாக இருந்ததாலும், அவர் உடனே மறுத்ததாலும் பலிக்கவில்லை. இன்று எழுத்தில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தாலே, எக்காலத்திலும் எக்கமராவின் முன்னும் நிகழாத காட்சியைக் கணினி உருவாக்கித் தருகிறது.

ஆனால் பொய்யை மெய் என நம்புவது ஆபத்தின் ஒரு பாதி மட்டுமே. மெய்யைப் பொய் என்று தள்ளுவது மறுபாதி. 2019 புத்தாண்டில், சுகவீனமுற்றிருந்த கபோன் நாட்டின் ஜனாதிபதி அலி பொங்கோ ஒரு வீடியோவில் தோன்றினார். அது செயற்கையானது என்ற சந்தேகம் பரவியது. ஜனவரி 7 அன்று படையினர் சிலர் ஆட்சிக்கவிழ்ப்புக்கு முயன்று தோற்றனர். வீடியோவைப் பின்னர் பரிசோதித்த நிபுணர்கள் அது செயற்கை என்பதற்கு ஆதாரம் எதையும் காணவில்லை. அமெரிக்கச் சட்ட அறிஞர்களான றொபேர்ட் செஸ்னியும் டானியல் சிற்றனும் இந்த நிலைமைக்குப் 'பொய்யருக்குக் கிடைக்கும் இலாபம்' என்ற கருத்தில் ஒரு பெயர் வைத்தனர். எதையும் போலியாகச் செய்யலாம் என்று மக்கள் அறிந்துகொண்டால், குற்றம் செய்தவன் உண்மையான சான்றையும் போலி என்று சொல்லித் தப்பிவிடுவான்.

இதற்குப் பரிகாரமாக 2021 இல் அடோபி, மைக்ரோசொஃப்ட், பிபிசி முதலிய நிறுவனங்கள் கூட்டமைப்பொன்றை உருவாக்கின. ஒரு படம் எந்தக் கருவியில் எப்போது பிறந்தது, இடையில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற விபரத்தைப் படத்துடனேயே முத்திரையிட்டு அனுப்பும் முறை அது. அதைப் பற்றி வாசித்தபோது எனக்கு இருட்டறை நினைவுக்கு வந்தது. நெகட்டிவ் எங்கே என்று உலகம் மறுபடியும் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

எனினும் நெகட்டிவ் மட்டும் போதுமானதாக அன்றும் இருக்கவில்லை. எங்கள் செய்தி ஆசிரியர் அதைக் கையில் வாங்கிய பின்னர் இன்னொரு கேள்வியும் கேட்பார்: "தம்பி, நீர் அங்கே எங்கே நின்றீர்?" படம் எடுத்தவர் தாம் நின்ற இடத்தையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும், அங்கிருந்த மற்றவர்களையும் பற்றிச் சொல்லவேண்டும். அவர் சொல்வதை நாங்கள் வேறு இருவரிடம் விசாரிப்போம். அதன் பின்னரே படம் அச்சுக்குப் போகும்.

மொந்த்ரேயில் முடிசூடிய மன்னரும், பாதிப் பனிவீட்டில் உறங்கிய குடும்பமும், நீதிமன்றத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டப்பட்ட றொட்னி கிங்கும் நமக்குச் சொல்வது இதையே. படிமம் ஒருபோதும் தனியே நின்று சாட்சி சொன்னதில்லை. அதனருகே ஒரு மனிதர் நின்று, நான் கண்டேன் என்று தம் பெயரைச் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. படத்தைச் சரிபார்க்கும் கருவிகள் நாளை இன்னும் நுட்பமாகலாம். பொய் செய்யும் கருவிகளும் அவ்வாறே ஆகும். அந்த இரண்டுக்கும் நடுவே நின்று விசாரிப்பவர் இல்லாவிட்டால், ஏமாறுகிறவர்கள் நாமாக இருப்போம். கைவிடப்படுகிறவர்கள் அந்தப் படத்தில் இருப்பவர்களாக இருப்பார்கள்.